தர மேம்பாட்டில் என் தொப்பையின் பங்கு

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் மருந்தாளுநர் போன வாரம் போன் செய்தார். நல்ல பெண். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தரச் சான்றைப் புதுப்பிக்க ஆய்வுக் குழு வருகிறதாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் சமையல்காரர் வராமல் போன வீட்டின் பதற்றம் அவர் குரலில் இருந்தது.

"சார், முன்னாடி நீங்கதான் குவாலிட்டிக்கு இன்சார்ஜாமே. என்னென்ன ரெடி பண்ணணும்னு ஒரு அரை மணி நேரம் சொல்லுங்க சார்."

எதைக் கேட்டாலும் கதையாகச் சொல்லும் வியாதி எனக்கு உண்டு. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பழனிக்கு இறங்கி வந்த பிறகு அது முற்றிவிட்டது. நான் இரண்டாவது கிளைக்கதைக்குள் போவதற்குள், "பேஷண்ட் நிக்கிறாங்க சார்" என்று அவர் போனை வைத்துவிட்டார். ஆகவே எழுதிவிடுகிறேன். எழுத்தில் யாரும் போனை வைக்க முடியாது.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மதுரையில் டி.பார்ம். படித்த மருந்துகளில் பாதி, நான் வேலையில் சேருவதற்குள் வழக்கொழிந்துவிட்டன. மீதிப் பாதி எங்கள் மலைக்கு வந்து சேரவே இல்லை. தாண்டிக்குடிப் பக்கம், காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சுகாதார நிலையம் அது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்களிடம் எனக்கு இன்னும் காபிக்கொட்டை வாங்குகிற சோலி இருக்கிறது.

தரச் சான்று என்கிற சொல் எங்கள் மலையேறி வந்தபோது, அதற்குப் பொறுப்பாளர் யார் என்று ஒரு கூட்டம் நடந்தது. நர்ஸ் ஜெசிந்தாவுக்குப் பிரசவம் பார்க்கவே நேரம் போதவில்லை. லேப் டெக்னீஷியன் வாரத்தில் பாதி நாள் வேறு ஊரில். நான் மட்டும்தான் உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்கிறேன் என்பதில் அன்று அபூர்வமான ஒற்றுமை நிலவியது. மருத்துவ அலுவலர் டாக்டர் மரகதம் என்னைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதம்தானே சார்?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டால் அது கேள்வி இல்லை.

டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான, உயரம் குறைந்த அம்மா. ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டு, காலில் கம்பளிச் சாக்ஸ், ரப்பர் செருப்பு. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்கும்படி இறங்கினால் ஆபத்து என்று அர்த்தம். யாருக்கு எதைச் சொன்னாலும் அதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லவைப்பார். "இந்த மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டதுக்கு அப்புறம். இப்ப நீங்க சொல்லுங்க."

தோட்டத்துப் பெரியவர் ஒருவர் ஒருமுறை முறைத்துக்கொண்டார்: "ஏம்மா, நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?"

"ஆமாங்கய்யா. நானும்தான். சொல்லுங்க."

அவர் சொன்னார். எல்லோரும் சொன்னார்கள். பணியாளர் கூட்டத்தில் நானும் சொன்னேன். பத்திய மருந்துபோல ஒவ்வொரு முறையும் கசந்தது.

இனி தரம். எங்களுக்கு வந்த வழிமுறைகள் சமவெளியில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. எழுதியவர் வியர்த்துக்கொண்டே எழுதியிருக்கிறார் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்தது. காத்திருக்கும் இடத்தில் மின்விசிறி வேண்டும். குளிர்ந்த குடிநீர் வேண்டும். பிரசவ அறைத் தரைக்கு டைல்ஸ் வேண்டும். எங்கள் ஊரில் மார்கழியில் தண்ணீரைக் குளிரவைக்காமல் தடுப்பதுதான் பெரிய வேலை. இருந்தாலும் மதிப்பெண் மதிப்பெண்தானே. விசிறி மாட்டினோம். டைல்ஸ் பதித்தோம். அதில் செருப்பில்லாமல் கால் வைத்தவர்கள் ஒருமுறை கடவுளைக் கூப்பிட்டார்கள்.

முன்னோட்டமாகப் பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். மப்ளரை மூக்குவரை சுற்றியிருந்தார்.

"ஃபேன் ஓடுதுங்களா?"

"ஓடும் சார்."

"போடுங்க, பாத்துடலாம்."

போட்டேன். கம்பளியை முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் இருந்த பெரியவர்களில் ஒருவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"ஏலே, எவன்டா அது ஃபேனப் போட்டது? சளிக்கு மருந்து வாங்க வந்தவன சுடுகாட்டுக்கு அனுப்பவா?"

அதிகாரி நடுங்கிக்கொண்டே முழு மதிப்பெண் போட்டார்.

அவர் கிளம்பும்போது ஒரு யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். "ஜெனரேட்டர் எமர்ஜென்சியில கை குடுக்கணும். தினமும் ஸ்டார்ட் பண்ணி டெஸ்ட் பண்ணுங்க." அன்றிலிருந்து தினமும் காலையில் ஜெனரேட்டரை ஓடவிட்டோம். கட்டடத்துக்குப் பின்னால் அது உறுமுகிற சத்தம் கேட்டால் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. தான் உயிரோடு இருப்பதை அது நாள் தவறாமல் நிரூபித்தது. நிரூபித்து நிரூபித்தே டீசலைக் குடித்துத் தீர்த்தது. டீசலுக்கு எழுதிப்போட்டோம், அடுத்த வாரம் வத்தலக்குண்டிலிருந்து வருகிற ஜீப்பில் வரும் என்றார்கள். அடுத்த வாரத்துக்கு முன்னால் மழை வந்தது.

கார்த்திகை மழை. மலையில் அது பெய்யாது, வந்து தங்கும். நாலைந்து நாளாக மேகம் ஜன்னலுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் வெள்ளனே ரோட்டில் ஒரு பெரிய மரம் மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டதாகச் செய்தி. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. பஸ் இல்லை. துப்புரவுப் பணியாளர் வர முடியவில்லை. டாக்டர், ஜெசிந்தா, நான் என்று மூன்று பேர்தான்.

அப்போதுதான் தார்ப்பாய் மூடிய ஒரு தோட்டத்து ஜீப் வந்து நின்றது. யோகேஸ்வரி என்கிற பெண்ணை அவள் புருஷன் செல்வகுமார் தாங்கிப் பிடித்து இறக்கினான். கூட அவள் அத்தை, ராமாயி அம்மாள். சிலோனிலிருந்து திரும்பி வந்து நம் பக்கத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பம். வீட்டை அந்த அம்மாள் இன்னும் 'லயம்' என்றுதான் சொல்வார்.

"எட்டு மாசந்தாங்க ஐயா ஆவுது" என்றார் ராமாயி அம்மாள், என் மருந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு. "மொதப் பிள்ளையும் இப்படித்தான் முந்திக்கிட்டு வந்துச்சு. லயத்துலயே பொறந்து, குளுந்து போயி, கையில தங்கலீங்க. இதையாவது காப்பாத்திக் குடுத்துருங்க ஐயா."

நான் மருந்து கொடுப்பவன். காப்பாற்றுவது உள்ளே இருப்பவர்கள் வேலை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மாள் பேசி முடித்ததும் நெஞ்சு குலுங்க இருமினார். இருமல் மருந்து கொடுத்து, கதவோரம் உட்காரச் சொன்னேன். அந்த நேரத்தில் என்னால் முடிந்த மருத்துவம் அதுதான்.

குறைமாதக் குழந்தை என்றால் கொடைக்கானலுக்கு அனுப்பிவிடுவதுதான் முறை. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது; மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. "நான் போயி மரத்த வெட்டுறவங்களோட நிக்கிறேன்" என்று செல்வகுமார் ஜீப்பிலிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினான். ரோடு திறக்கும்வரை காத்திருக்கும் எண்ணம் பிள்ளைக்கு இல்லை. சிறிது நேரத்தில் பிரசவ அறைக்குள்ளிருந்து மெலிசாக ஒரு அழுகை கேட்டது. பூனைக்குட்டிகூட அதைவிடச் சத்தம் போடும். ராமாயி அம்மாள் எழுந்து நின்றுவிட்டார்.

அந்த அழுகைக்குப் பின்னாலேயே கரண்ட் போனது.

"சார்! ஜெனரேட்டரப் போடுங்க, வெரசா! வார்மர் ஆஃப் ஆயிடுச்சு!" ஜெசிந்தாவின் குரல்.

வார்மர் என்பது பிறந்த குழந்தைக்கு மேலிருந்து சூடு கொடுக்கும் மேடை. அதுவும் புதுசு, ஆய்வுக்காகவே வாங்கியது. நான் பின்பக்கம் ஓடினேன். ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே டீசல் வாசனை மட்டும் தாராளமாக இருந்தது.

பிரசவ அறை வாசலில் போய் நின்று சொன்னேன்: "டீசல் இல்லை டாக்டர்."

"சரி" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

உள்ளே நிலைமை வேறாகிவிட்டிருந்தது. யோகேஸ்வரிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டரின் ஒரு கை அவள் அடிவயிற்றை அழுத்திக் கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கையை எடுக்க முடியாது. ஜெசிந்தா ஊசி போட்டு, குளுகோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். பிள்ளையைத் துடைத்து, குல்லாய் போட்டு, துணியில் சுற்றி, அணைந்துபோன வார்மரில் வைத்திருந்தார்கள். வழக்கமாகத் தாயின் நெஞ்சில்தான் போடுவார்கள். அந்தத் தாயோ பல் கிட்ட நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"வெளிய யாரு இருக்கா?" டாக்டர் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"அத்தை இருக்காங்க. நாலு நாளா இருமல். புருஷன் மரம் வெட்டப் போயிருக்காரு."

"இருமல் வேணாம். நீங்க இருக்கீங்க."

"நான் இருக்கேன், ஆனா..."

"உங்களுக்குச் சளி, காய்ச்சல்?"

"இல்லை டாக்டர்."

"சட்டையக் கழட்டுங்க சார்."

அரசுப் பணியில் பலவிதமான உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிந்திருக்கிறேன். இதற்கு மட்டும் தயாராக இல்லை.

"பனியனுமா?"

"பனியனும்."

"ப்ளீஸ் சார், ஷை ஆகுறதுக்கெல்லாம் டைம் இல்ல" என்றார் ஜெசிந்தா. "கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க. ஃப்ளாஸ்க்ல சுடுதண்ணி இருக்கு, துணிய நனைச்சு நெஞ்சத் தொடச்சுக்கோங்க."

தாயின் நெஞ்சோடு பிள்ளையை அணைத்து வைத்துக்கொள்ளும் முறையை விளக்கும் படம் எங்கள் சுவரில் ஒட்டியிருந்தது. மதிப்பெண்ணுக்காக, மட்டம் பார்த்து, நானேதான் ஒட்டினேன். படத்தில் இருந்த அம்மா என்னில் பாதி இருப்பார். நெஞ்சில் இவ்வளவு முடியும் அவருக்குக் கிடையாது.

பக்கத்து அறை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஜெசிந்தா பிள்ளையைக் கொண்டுவந்து என் நெஞ்சில் செங்குத்தாக வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, என்னையும் அதையும் சேர்த்துப் புடவைத் துணியால் இறுக்கிக் கட்டினார். மேலே கம்பளி. நடுவில் இருந்த கதவு திறந்தே இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் சொன்னார்: "கழுத்து மடங்கக் கூடாது. ரொம்ப நிமிரவும் கூடாது. உதட்டு நிறத்தப் பாத்துக்கிட்டே இருங்க. பாதத்தத் தொட்டுப் பாருங்க. திருப்பிச் சொல்லுங்க."

"கழுத்து மடங்கக் கூடாது, ரொம்ப நிமிரக் கூடாது. உதடு. பாதம்."

"சரி. இனிமே அது உங்க பொறுப்பு."

முதல் சில நிமிடம் ஈரத் துணியை நெஞ்சில் போட்டதுபோல ஜில்லென்று இருந்தது. ஒரு கமலா ஆரஞ்சு அளவு தலை. பாதங்கள் என் கட்டைவிரலைவிடச் சின்னவை; குளிர்ந்திருந்தன. பல வருடங்களாக என் மனைவியும், சொந்தக்காரர்களும், நோயாளிகளும் விமர்சித்துவந்த என் தொப்பை, அந்தப் பிள்ளை நழுவாமல் உட்காரத் தோதான மேடையாக அமைந்தது. அதைக் கரைக்கச் சொன்ன அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டேன்.

ராமாயி அம்மாள் கதவருகே நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அங்கிருந்தே விசாரித்தார்.

"மூச்சு விடுதுங்களா ஐயா?"

"விடுதும்மா."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும்: "இப்ப?"

"இப்பவும்தான்."

"நீங்க பேசாதீங்க ஐயா, பிள்ளைக்கு அதிரும்." ஒரு நிமிடம் கழித்து அவரே மாற்றிக்கொண்டார். "இல்ல, பேசுங்க. ஆளு சத்தம் கேட்டாத்தானே அதுக்கும் இருக்கத் தோணும்."

என்ன பேசுவது? தாலாட்டு எதுவும் எனக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். "அமாக்சிசிலின்... அல்பெண்டசோல்... பாராசிட்டமால்..." கொஞ்சம் இழுத்து, ராகம் மாதிரி.

"என்னாங்க ஐயா, மந்திரமா?"

"இல்லம்மா. மருந்து ஸ்டாக்."

"சொல்லுங்க, சொல்லுங்க. அசையுது."

அலமாரியின் மூன்றாவது தட்டுக்குப் போயிருப்பேன். குனிந்து பார்த்தபோது பிள்ளையின் உதட்டில் சிவப்பு இல்லை. சாம்பல் பூத்ததுபோல இருந்தது. நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்த அந்தச் சின்ன ஏற்ற இறக்கமும் இல்லை.

"டாக்டர்! உதடு நிறம் மாறுது!"

அந்தப் பக்கம் அவரால் கையை எடுக்க முடியாது. அது எனக்கும் தெரியும். குரல் மட்டும் வந்தது, மழைச் சத்தத்தில் காதைத் தீட்டிக் கேட்க வேண்டியிருந்தது. "கழுத்தப் பாருங்க. தாடை நெஞ்சுல இடிக்குதா?"

இடித்துக்கொண்டிருந்தது. தலை சரிந்து கழுத்து மடங்கியிருந்தது.

"இடிக்குது."

"ரெண்டு விரலால மெதுவா நிமித்துங்க. முதுகத் தேச்சுவிடுங்க. சொல்லிக்கிட்டே செய்யுங்க."

"நிமித்துறேன்... தேய்க்கிறேன்... தேய்க்கிறேன்..."

ராமாயி அம்மாள் அப்படியே டைல்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் குளிர் தெரிந்திருக்காது. நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். என் இதயம் அடிக்கிற அடியில் அதன் மூச்சு இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு ஒரு தும்மல். அரிசிமணி விழுந்தாற்போல ஒரு தும்மல். உடனே, பிறந்தபோது போட்டதைவிடப் பெரிய சத்தத்தில், பிள்ளை என் நெஞ்சுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கத்தியது.

"கேக்குது" என்றார் டாக்டர்.

உதடு சிவந்தது. அதற்குப் பிறகு நான் அந்த உதட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மருந்துப் பெயர்களைத் தொடரவும் இல்லை.

ஒரு வழியாக டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். "நின்னுடுச்சு" என்றார். "யோகேஸ்வரி பேசுறா. தண்ணி கேக்குறா." ராமாயி அம்மாளிடம் இருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா இருமலா தெரியவில்லை. டாக்டர் கம்பளிக்குள் கையை விட்டுப் புறங்கையால் பிள்ளையின் பாதத்தைத் தொட்டார். தொட்ட கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"சூடா இருக்கு" என்றார். பிறகு, "வார்மர் பரவாயில்ல சார். சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

மரத்தை அறுத்துப் புரட்டி வழி விட்டபோது ஆம்புலன்ஸோடு செல்வகுமாரும் வந்து சேர்ந்தான். தலையெல்லாம் மரத்தூள், உடம்பெல்லாம் மழை. உள்ளே வந்தவன் சட்டையில்லாமல், கம்பளி போர்த்தி, உச்சந்தலை தெரிய ஒரு பிள்ளையைக் கட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"ஐயா... இது என்னாங்க?"

"ஒம்பிள்ளதான்டா, பொம்பளப் பிள்ள" என்றார் அத்தை. "முழிக்காத. கும்புடு."

யோகேஸ்வரியை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, அவள் நெஞ்சுக்குப் பிள்ளையை மாற்றினார்கள். கட்டை அவிழ்த்ததும்தான் எனக்குக் குளிர் என்றால் என்ன என்று தெரிந்தது. ஆம்புலன்ஸ் வளைவில் மறைகிறவரை பனியனை எங்கே கழற்றிப் போட்டேன் என்பதே நினைவுக்கு வரவில்லை.

புது மருந்தாளுநர் கேட்டதற்கு வருகிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு டாக்டர் ஒரு கூட்டம் போட்டார். ஜெனரேட்டரைத் தட்டி எழுப்பிப் பார்த்துவிட்டு உடனே அணைப்பது, டேங்க் பாதிக்கு இறங்கினால் அன்றே டீசல் கேட்பது, ஒரு கேன் டீசலைப் பூட்டி வைத்து அதை எந்தச் சோதனைக்கும் தொடாமல் இருப்பது என்று முடிவானது. எல்லோரும் திருப்பிச் சொன்னோம். இந்த முறை எனக்குக் கசக்கவில்லை. பிரசவ அறைத் தரையில் ரப்பர் விரிப்பு வந்தது. பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொள்ளும் பயிற்சியை ஆண்களுக்கும் கொடுத்தோம். முதலில் வெட்கப்பட்டவர்கள், என் கதையைக் கேட்டபின், 'இவரே செய்திருக்கிறார், நமக்கென்ன' என்று முன்வந்தார்கள். சான்றும் வந்தது. ஆகவே அம்மா, ஆய்வுக் குழு கேட்கிற எல்லாவற்றையும் தயார் செய்யுங்கள். கூடவே, உங்கள் ஊர்க் குளிர் அவர்களுடைய பக்கங்களில் இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள். அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யோகேஸ்வரியும் பிள்ளையும் கொடைக்கானலில் சில வாரம் இருந்துவிட்டு லயத்துக்குத் திரும்பினார்கள். தடுப்பூசி நாளன்று ராமாயி அம்மாளையும் சேர்த்து மூவரும் வந்தார்கள். பிள்ளை கன்னம் வைத்திருந்தாள். அவளை என் கையில் கொடுத்தார்கள். ஒரு பார்வை பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத ஆளைப் போல, அம்மாவிடம் போக அழுதாள். ராமாயி அம்மாள் இருமல் இல்லாமல் சிரித்தார். பையிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"என்னம்மா இது?"

"மலப்பூண்டு கொழம்புங்க ஐயா. பிள்ளப் பெத்தவளுக்கு வெச்சுக் குடுக்குறது. ஒங்களுக்கும் பங்கு இருக்குல்ல." குரலைத் தாழ்த்தி, ரகசியம்போலச் சொன்னார்: "நீங்களும் பிள்ளயத் தாங்குன ஒடம்பு. பச்ச ஒடம்பு. பனியில நிக்காதீங்க, பச்சத் தண்ணியில கை வெக்காதீங்க."

பின்னால் ஜெசிந்தா சிரித்துச் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் மட்டும் முகத்தை மாற்றாமல், "அவங்க சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க சார்" என்றார்.

சொன்னேன். ஜெசிந்தா ஒரே ஒரு கரண்டி கேட்டார். டாக்டர்கூட வாளியை எட்டிப் பார்த்தார். யாருக்கும் கொடுக்கவில்லை. நான் தங்கியிருந்த அறைக்கு எடுத்துப்போய், சுடுசோறு வடித்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, நான் ஒருவனே வழித்துச் சாப்பிட்டேன்.